ஒரே மடியில் பலவகை மீன்

(மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

இராமநாதபுரம் மாவட்டத்தில், பாக் விரிகுடாவின் கரையிலுள்ள ஒரு சிற்றூர் எனது ஊர். காலையில் ஏலம் நடக்கும் மணல்மேட்டுக்கு வருவோர், "இன்னைக்கு என்ன மீனு?" என்று கேட்பதே அங்கு முன்பெல்லாம் வழக்கம். "மீனு இருக்கா?" என்று எவரும் கேட்டதில்லை என்பார் என் அப்பத்தா. இன்று அந்த இரண்டாவது கேள்வியைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

என் தந்தை நாட்டுப்படகில் கடலுக்குச் செல்பவர். என் தாய்மாமன் விசைப்படகு வைத்திருப்பவர். நான் இக்கல்லூரியில் சேர்ந்த ஆண்டில் என் செலவில் ஒரு பாதியை அப்பாவின் செவுள்வலையும், மறுபாதியை மாமாவின் இழுவைமடியும் ஏற்றுக்கொண்டன. ஆகவே ஒரு பக்கம் நின்று மறுபக்கத்தைப் பழிப்பது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. நம் கடலில் மீன்வளம் எவ்வாறு அமைந்துள்ளது, அது எவ்வாறு குறைகிறது, அதைக் காக்கும் வழி பிற நாடுகளின் வழியிலிருந்து ஏன் வேறுபட வேண்டும் என்பவற்றை வகுப்பில் கற்றதையும் கரையில் கண்டதையும் சேர்த்துச் சொல்ல முயல்கிறேன்.

வகை மிகுதியும் தொகை மிகுதியும்

கடல்கள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. வட அட்லாண்டிக் போன்ற குளிர்கடல்களில் மீன்வகைகள் குறைவு. ஆனால் ஒவ்வொரு வகையும் பெருந்தொகையாய் வாழும். நம்முடையதைப் போன்ற வெப்பக் கடல்களில் வகைகள் மிகுதி. ஆனால் பெரும்பாலான வகைகள் சிறு தொகையாகவே இருக்கும். மத்தி, நெத்திலி, அயிலை போலக் கூட்டங் கூட்டமாய்த் திரிவன சிலவே.

இந்தியக் கடல்களில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மீன்வகைகள் உண்டு. மன்னார் வளைகுடாவில் மட்டும் ஆயிரத்துக்கு மேல் பதிவாகியுள்ளன. சென்னைப் படையில் மருத்துவராகப் பணியாற்றிய பிரான்சிஸ் டே என்பவர் 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட 'இந்திய மீன்கள்' என்னும் பெருநூலில், மீன்களுக்கு நம் மீனவர் வழங்கும் பெயர்களையும் கேட்டெழுதிச் சேர்த்தார். நூல் எழுத வந்தவருக்கு முன்பே வகை பிரித்துப் பெயரிட்டு வைத்திருந்தவர்கள் நம் மக்கள் என்பதை இதனால் உணரலாம். காரல், ஓரா, விளமீன், களவாய், பாறை, முரல், வாளை, திருக்கை, சூடை, கொடுவா என்று என் தந்தை விரல்விட்டுச் சொல்லத் தொடங்கினால், நான் இரண்டு பக்கம் எழுத வேண்டியிருக்கும்.

இதற்கு நம் கடலின் அமைப்பே காரணம். எங்கள் ஊரார் பாக் விரிகுடாவை வடகடல் என்றும், மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் சொல்வர். வடகடல் ஆழமற்றது, சேறும் கடற்புல்லும் நிறைந்தது. தென்கடலிலோ தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகளும் உள்ளன. சேற்றில் ஒரு கூட்டம், புல்லில் ஒரு கூட்டம், பாறை இடுக்கில் ஒரு கூட்டம் என்று வாழிடம் பலவாகும்போது வகையும் பலவாகிறது.

மீனுக்கு மீன் வாழ்க்கை வேறு

வகை பல என்றால் உருவமும் சுவையும் மட்டும் வேறென்று நினைத்துவிடலாகாது. பிறப்பும் வளர்ப்பும்கூட வேறு வேறு.

களவாய் மீனை எடுத்துக்கொள்வோம். அது முதலில் பெண்ணாக வளர்ந்து முட்டையிட்டு, பெரிதான பின்னர் ஆணாக மாறும். விலை அதிகம் என்று பெரிய களவாய்களையே தேடிப் பிடித்தால் ஆண்கள் குறைந்துபோகும். கொடுவாய் மீனோ இதற்கு நேர்மாறானது. அது முதலில் ஆண், பின்னர் பெண். அங்கே பெரியவற்றைப் பிடித்தால் முட்டையிடும் தாய்கள் குறைந்துபோகும். ஒரே செயல் இரண்டு மீன்களை இரண்டு வகையில் கெடுக்கிறது.

கடல் கெளிற்று மீனில் முட்டைகளை வாயில் வைத்துக் காப்பது தந்தையாகும். குஞ்சுகள் வெளிவரும் வரை அது பெரும்பாலும் இரை உண்பதில்லை. அவ்வாறு முட்டை சுமந்து கூட்டமாய் நின்ற தந்தை மீன்களை 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் கருநாடகக் கடலில் சுருக்குமடி வலைகள் பெருமளவில் வளைத்துப் பிடித்தன. பிடிபட்ட மீனோடு அடுத்த தலைமுறையும் அழிந்தது. பின்னர் அக்கடலில் கெளிற்று மீன் வரத்து வீழ்ந்துபோனது.

பால்சுறா ஒரு தடவைக்கு ஈனும் குட்டிகளை இரு கை விரல்களால் எண்ணிவிடலாம். நெத்திலியோ ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு, ஓரிரு ஆண்டுகளில் தன் வாழ்வை முடித்துக்கொள்ளும். நெத்திலி தாங்கும் பிடிப்பைச் சுறா தாங்காது.

இத்தனை வகை வாழ்க்கையுடைய உயிர்கள் ஒரே கடலில், ஒரே அடிமண்ணில் கலந்து நிற்கின்றன. அவற்றின் நடுவே ஒரே மடியை இழுத்துச் செல்கிறோம். இதுவே நம் கடலின் அடிப்படைச் சிக்கலாகும்.

மடி வந்த கதை

1952இல் கையெழுத்தான ஓர் ஒப்பந்தத்தின்படி நார்வே நாட்டின் உதவியுடன் கேரளத்தில் கொல்லத்துக்கு அருகே ஒரு மீன்பிடித் திட்டம் தொடங்கப் பெற்றது. மீனவரின் வாழ்வை உயர்த்துவதும் அவர்களுக்கு உணவு கிடைக்கச் செய்வதுமே அதன் தொடக்க நோக்கம். ஆனால் இறாலுக்கு வெளிநாட்டில் கிடைத்த விலை அந்நோக்கத்தைத் திசை திருப்பிவிட்டது. கடலடியில் வாழும் இறாலை அள்ள இழுவைமடியே ஏற்றது என்று கண்டதும், விசைப்படகுகள் கேரளத்திலிருந்து தமிழகக் கரைகளுக்கும் பரவின. 1960களிலும் 1970களிலும் அரசின் கடனும் மானியமும் அவற்றைப் பெருக்கின.

இழுவைமடி கெட்ட எண்ணத்தோடு செய்யப்பட்ட கருவி அன்று. ஆனால் அதற்குத் தேர்ந்தெடுக்கத் தெரியாது. இறாலுக்காக இழுத்தாலும், அடியில் உள்ள அனைத்தும் உடன் வரும். கோடை விடுமுறை முடிந்தபின் ஒரு நாள் மாமாவின் படகு கரை சேர்ந்தபோது, பிரித்தெடுக்கும் வேலையில் நானும் உட்கார்ந்தேன். இறால் ஒரு கூடை, கணவாய் ஒரு கூடை, விலைமீன் ஒரு கூடை. மீதிக் குவியலை எங்கள் பக்கம் 'சங்காயம்' என்பார்கள். காய்ந்து கோழித் தீவனத்துக்கும் மீன்தூளுக்கும் போவது அது. அந்தக் குவியலில் எத்தனை வகை உள்ளது என்று எண்ணத் தொடங்கினேன். நாற்பதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன். வகை தீர்ந்ததால் அன்று. விரல்நீளம்கூட இல்லாத விளமீன் குஞ்சுகளையும் களவாய்க் குஞ்சுகளையும் அதில் பார்த்தபின் எண்ண மனம் வரவில்லை. ஓராண்டு விட்டிருந்தால் கிலோ நூற்றுக்கணக்கான ரூபாய் பெறும் மீன்கள் அவை. அன்று குவியலோடு குவியலாய்ச் சில ரூபாய்க்குப் போயின.

எடை சொல்லாத செய்தி

"வருஷா வருஷம் டன் கணக்கு அப்படியேதானே இருக்கு? அப்புறம் மீனு கொறஞ்சு போச்சுன்னு எப்பிடிச் சொல்றீக?" என்று மாமா ஒருமுறை கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடியபோதுதான் எனக்கு இப்பொருள் விளங்கிற்று.

குளிர்கடலில் ஒரு மீன் குறைந்தால் உடனே தெரியும். கனடா நாட்டின் நியூபவுண்ட்லாந்துக் கரையில், மீனெண்ணெய்க்குப் பெயர்பெற்ற காட் மீன் 1968இல் எட்டு லட்சம் டன்னுக்கு மேல் பிடிபட்டது. பின்னர் அது வீழ்ந்தது. 1992 ஜூலையில் அரசு பிடிப்பையே நிறுத்தியது. முப்பதாயிரம் பேர் அளவில் வேலை இழந்தனர். 32 ஆண்டுகளுக்குப் பின், 2024இல்தான் அத்தடை விலக்கப் பெற்றது. அப்போதும் மீன் பழைய அளவுக்கு மீளவில்லை.

நம் கடலில் வீழ்ச்சி அவ்வாறு ஓசையோடு வருவதில்லை. பெரிய மீன் குறைந்தால் அது தின்றுவந்த சிறிய மீன் பெருகும். சிறியதைப் பிடித்து எடையை நிரப்பிக்கொள்கிறோம். அதுவும் குறைந்தால் இன்னும் சிறியது, அதன்பின் கணவாய், நண்டு, இறுதியில் சங்காயம். உணவுச் சங்கிலியில் படிப்படியாகக் கீழிறங்கும் இந்த மீன்பிடிப்பை டேனியல் பாலி என்னும் அறிஞரும் அவர் தோழர்களும் 1998இல் உலகின் பிடிப்புக் கணக்குகளைக் கொண்டு எடுத்துக்காட்டினர். மொத்த எடை நிலையாக இருக்கும். பட்டியலிலிருந்து பெயர்கள் மட்டும் ஒவ்வொன்றாக உதிரும். வீட்டில் பாத்திரங்களை ஒவ்வொன்றாக விற்று அரிசி வாங்குகிறவன், உலை கொதிக்கிறது என்று மகிழ்வது போன்றதே இது.

அளவா, இடமா?

மேலை நாடுகளில் ஒவ்வொரு மீனுக்கும் ஆண்டுக்கு இவ்வளவு டன் என்று வரம்பு கட்டுகிறார்கள். வகை சிலவாகவும், மீன் வந்திறங்கும் துறைமுகங்கள் சிலவாகவும் உள்ள இடத்தில் அது இயலும். நமக்கு அது பொருந்துவது அரிது. ஒரு மடியில் நாற்பது வகை ஏறும்போது, இன்ன மீனின் வரம்பு முடிந்தது என்று கடலிடம் சொல்ல இயலுமா? வரம்பு முடிந்த மீனும் செத்தேதான் மேலே வரும். தமிழ்நாட்டில் மட்டும் அறுநூறுக்கு மேற்பட்ட கடலோர மீனவச் சிற்றூர்கள் உள்ளன. அத்தனை கரைகளிலும் தராசு வைக்க எவராலும் ஆகாது.

ஆகவே, நாம் காக்க வேண்டியவை மூன்று: இடம், காலம், வலைக்கண். இவை மூன்றும் மீனின் பெயரைக் கேட்பதில்லை. எல்லா வகைக்கும் ஒருசேர நிழல் தருகின்றன.

முதலாவது இடம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப் பெற்றன. 1989இல் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் விற்ற காலம் ஒன்று இருந்தது. அதன் விளைவாக அலையைத் தடுக்கும் அரண் போய், இரண்டு தீவுகள் நீரில் மூழ்கின. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவு பெரும்பகுதி கரைந்தது. 2015 முதல் அதனைச் சுற்றிச் செயற்கைப் பாறைகள் இடப்பட்டன. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறிய 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் வெளுத்து, பல இறந்தன. வெட்டுவதை நிறுத்த நம்மால் முடிந்தது. வெப்பத்தை நிறுத்த இவ்வூரார் மட்டும் போதார்.

வடகடலின் கடற்புல் பரப்பும் இவ்வாறே மீன்குஞ்சுகளின் தொட்டில். அதை மேயும் ஆவுளியாவுக்காக 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு, இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப் பெற்றது. ஆவுளியாவைக் காக்கும் புல் ஓராவையும் இறாலையும் காக்கும். கரையிலிருந்து மூன்று கடல்மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கலாகாது என்று 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல்மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வகுத்ததும் இடத்தைக் காக்கும் வழியே. அது எழுத்தில் உள்ள அளவுக்கு நீரில் இல்லை என்பதை, அறுந்த வலையோடு திரும்பும் என் தந்தை அறிவார்.

இரண்டாவது காலம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடை. 2001இல் 45 நாளாகத் தொடங்கி, 2017 முதல் 61 நாளாக நீண்டது. நம் மீன்களில் பல ஆண்டு முழுதும் சிறிது சிறிதாக முட்டையிடுபவை. ஆகவே இது எல்லா மீனுக்கும் இனப்பெருக்கக் காலம் என்று கூறுவது முழுதும் சரியன்று. ஆயினும் இரண்டு மாதம் மடி படாத கடலடி ஓய்வு பெறுகிறது. குஞ்சுகள் இரண்டு மாத வளர்ச்சி பெறுகின்றன. குறை யாதெனில், தடை முடிந்த மறுநாள் எல்லாப் படகுகளும் ஒருசேரப் பாய்கின்றன. இரண்டு மாதச் சேமிப்பு சில வாரங்களில் செலவாகிவிடுகிறது.

மூன்றாவது வலைக்கண். இழுவைமடியின் நுனியில் கண் 40 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது விதி. குஞ்சுகள் நழுவிச் செல்லும் வாசல் அதுவே. சதுரக் கண்ணாக இருப்பின் இழுவையில் அது மூடிக்கொள்ளாது என்பது கூடுதல் நன்மை. இவ்வகையில் கேரளத்தார் ஒரு படி முன்சென்றனர். 2015இல் 14 வகை மீன்களுக்கும், பின்னர் 58 வகைகளுக்கும், இந்த நீளத்துக்குக் குறைந்ததைப் பிடிக்கலாகாது என்று வரையறுத்தனர். மத்திக்கு அது 10 சென்டிமீட்டர். அங்கே 2012இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021இல் 3,300 டன் அளவுக்கு இறங்கியது. கடலின் தட்பவெப்ப மாற்றமே அதற்குப் பெருங்காரணம் என்பர். இயற்கை கைவிடும் ஆண்டில் குஞ்சுகளையும் அள்ளினால், மீள்வதற்கு விதை இராது என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

மாமாவின் கேள்வி

இவற்றையெல்லாம் விடுமுறையில் மாமாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எல்லாம் சரிதான் மருமகனே. பெரிய கண்ணு மடி நான் போட்டுட்டு, பக்கத்துப் படகுக்காரன் சின்னக் கண்ணு மடி போட்டான்னா, நான் விட்ட குஞ்சு அவன் மடிக்குத்தானே போகும்? என் கடனை யாரு அடைப்பா?" என்றார்.

எனக்கு விடை தெரியவில்லை. பின்னர் சிந்தித்தபோது, பொதுச்சொத்தைக் காப்பதில் உள்ள முழுச் சிக்கலையும் அவர் இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டார் என்று உணர்ந்தேன். தனி ஒருவரின் நல்லெண்ணம் இங்கே போதாது; எல்லாரும் ஒருசேரக் கட்டுப்படும் முறை வேண்டும். அதற்கு முன்மாதிரியும் எங்கள் மாவட்டத்திலேயே உண்டு. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று கடலைப் பங்கிட்டுக்கொண்ட முறை அது. சட்டப் புத்தகத்தில் மட்டும் அன்று, கரையிலும் ஏற்கப்பட்டதால் அது நிலைத்தது.

மறுகரையிலும் நம் தமிழ் மீனவரே வாழ்கிறார்கள். இலங்கையின் வடபகுதியில், போருக்குப் பின் மீண்டும் வலை வாங்கிக் கடலில் இறங்கியவர்கள், இங்கிருந்து செல்லும் இழுவைமடிகளால் தம் வலை அறுபடுகிறது என்று முறையிடுகின்றனர். 2017இல் இலங்கை நாடாளுமன்றம் அடிமடி இழுவையைத் தடை செய்தது. எல்லை தாண்டிச் சிறைப்படும் நம் மீனவரின் துயரும் பெரிது. இரு துயரங்களுக்கும் வேர் ஒன்றே: சிறிய கடலுக்கு மடிகள் மிகுதி. விசைப்படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிப்புக்கு மாற்றும் திட்டம் 2017இல் தொடங்கிற்று. ஆனால் மூன்றாண்டில் 2,000 படகு என்ற இலக்கை எட்டவில்லை. பல லட்சம் கடன், பல நாள் கடலில் தங்கும் புதிய தொழில் இரண்டையும் ஒரே நாளில் ஏற்கக் குடும்பங்கள் தயங்குகின்றன. மடியை விடச் சொல்பவர்கள், மாற்றுவழியில் கூடவே நடந்துவர வேண்டும்.

முடிவாக

அன்புத் தோழர்களே! இதில் நம் பங்கு என்ன என்று கேட்கலாம். ஒன்று சொல்வேன். நம் கடலின் இழப்பு எடையில் தெரியாது, பெயர்களில்தான் தெரியும். ஆகவே பெயர்களைக் காக்க வேண்டும். 1949 முதல் 1971 வரை மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்து, பின்னர் கொச்சிக்கு மாறிய மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் கரைதோறும் வகைவாரியாகக் கணக்கெடுத்து வருகிறது. ஆயினும் ஒவ்வொரு ஊரிலும் முதியோர் நினைவில் உள்ள கணக்கை எடுக்க அவ்வூர்ப் பிள்ளைகளே ஏற்றவர்கள். எந்த மீன் எந்த மாதம் வந்தது, எந்தப் பாட்டில் கிடைத்தது, எப்போது நின்றது என்று கேட்டு எழுதிவைப்போம். நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தொடங்கியிருக்கிறேன்.

அதில் அப்பத்தா சொன்ன முதல் பெயர் வேளா. முகத்தில் வாள் முளைத்த பெரிய மீன், திருக்கையின் உறவு. அவர் இளமையில் அது வலையில் பட்டால் ஊரே கரைக்கு ஓடுமாம். 2001 முதல் அதைப் பிடிப்பது சட்டப்படி குற்றம். ஆனால் அதற்கு முன்பே அது அரிதாகிவிட்டது. என் தந்தை தம் வாழ்நாளில் ஒருமுறை பார்த்ததாகச் சொல்கிறார். நானோ நமது துறையின் அருங்காட்சியகத்தில், கண்ணாடி அலமாரியின் இரண்டாம் தட்டில், அதன் வாளை மட்டும் பார்த்திருக்கிறேன். முதலாம் ஆண்டில் அதன் படத்தை வரைந்து பாகங்களைக் குறித்து மதிப்பெண் பெற்றேன். அது எங்கள் ஊர் மீன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

களவாயும் விளமீனும் அந்த அலமாரிக்கு வந்துசேரக் கூடாது. அவை கூடையிலேயே இருக்கட்டும்.